வினா-விடையில் இரண்டு தப்பு, அப்புறம் ஒரு மனக்குறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பெட்டி கட்டிப் போட்டிருந்த மோட்டார் பந்தய வினா-விடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பத்துக் கேள்வி. எட்டு சரி, இரண்டு தப்பு. இரண்டு தப்புக்காகவா ஒருவன் மெனக்கெட்டுக் கடிதம் எழுதுவான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் சும்மாதான் இருந்திருப்பேன், ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் தம்பி மகள் பள்ளிக்கூடத்து வினாடி வினா அணியில் இருக்கிறாள், உங்கள் பெட்டியை வாராவாரம் வெட்டி நோட்டில் ஒட்டி அப்படியே மனப்பாடம் செய்கிறவள். "இது தப்பும்மா" என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்கு பெரியப்பா" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேச?

முதலில் ஏழாவது கேள்வி. ஃபார்முலா 1 தொலைக்காட்சி ஒளிபரப்புக்கென்றே இசையமைக்கப்பட்ட முகப்பு இசை எது என்று கேட்டு, 'தி செயின்' என்று விடை போட்டிருக்கிறீர்கள். அது யாரும் பந்தயத்துக்காகப் போட்ட மெட்டு இல்லை சார். ஃப்ளீட்வுட் மேக் என்கிற ராக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தில் 1977-இல் வந்த பாட்டு. அந்தச் சமயம் குழுவுக்குள்ளேயே இரண்டு ஜோடிகள் பிரிந்துகொண்டிருந்தார்கள், டிரம்ஸ்காரரின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது, பாட்டும் அந்தப் பிரிவைப் பற்றித்தான், அதில் காரும் இல்லை டயரும் இல்லை. தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருந்த துண்டுகளை ஒட்டுப்போட்டு உருவாக்கிய பாட்டு அது. அந்த ஆல்பத்தில் ஐந்து பேரின் பெயரும் சேர்ந்து வருவது இந்த ஒன்றுக்கு மட்டும்தான். பாட்டு ஓடி மூன்று நிமிடம் ஆனபிறகு, எல்லாம் அடங்கி, ஜான் மெக்வீயின் பேஸ் கிடார் மட்டும் தனியாக எழுந்து வரும். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து 1978-இல் பி.பி.சி.காரர்கள் தங்கள் 'கிராண்ட் பிரீ' நிகழ்ச்சிக்கு முகப்பாக வைத்தார்கள். 1996 வரை ஓடியது. ஒளிபரப்பு உரிமை வேறு சேனலுக்குப் போனதும் இசையும் போனது, 2009-இல் உரிமை திரும்பியபோது இசையும் திரும்பியது.

பந்தயத்துக்கென்றே இசையமைத்தது என்றால் அது 2018-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தோடு வந்தது, போட்டவர் பிரையன் டைலர். கேள்வி எழுதியவர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், என் தாய்மாமா. செங்குன்றத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவருடைய சிநேகிதர் ஒருவர் லண்டனிலிருந்து வரும்போது பி.பி.சி.யில் பதிவு செய்த வீடியோ கேசட் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். 1986 ஆஸ்திரேலியப் பந்தயம், நைஜல் மான்செல் மூன்றாவதாக வந்தாலே உலகச் சாம்பியன் என்ற நிலையில் முழு வேகத்தில் போகும்போது பின்பக்க இடது டயர் வெடித்து நெருப்புப்பொறி பறக்கப் போய் நின்றாரே, அது. ஞாயிற்றுக்கிழமை டெக் வாடகைக்கு எடுப்போம், வாடகைக்கு ஈடாக மூன்று படம் பார்க்க வேண்டும் என்பது வீட்டுப் பெண்களின் கட்சி, அதற்கு நடுவில் மாமா இந்தக் கேசட்டைச் சொருகுவார். பேஸ் கிடார் வந்ததும் நிறுத்தி, ரீவைண்ட் போட்டு, மறுபடி ஓடவிடுவார். இப்படி ஓட்டி ஓட்டியே அந்த இடத்தில் மட்டும் நாடா இழுபட்டு, கடைசியில் இசை சாராயம் குடித்தவன் பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவில் யாருக்கும் மர்ரே வாக்கரின் இங்கிலீஷ் வர்ணனை பாதிகூடப் புரியாது, ஆனால் டயர் வெடித்தபோது அவர் அலறிய அலறல் எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்தது ஒன்பதாவது கேள்வி. இதுதான் பெரிய தப்பு. உலகின் முதல் கார் பந்தயத்தில் வென்றவர் யார்? 1894, பாரிஸ்–ரூவான், டி டியோன் பிரபு என்று போட்டிருக்கிறீர்கள். அவர் முதலில் வந்து சேர்ந்தவர், வென்றவர் இல்லை.

நடந்தது இதுதான். பாரிசில் 'லெ பெத்தி ஜூர்னால்' என்று ஒரு நாளிதழ். அதில் பியேர் ஜிஃபார் என்று ஒரு பத்திரிகையாளர். குதிரை இல்லாத வண்டிகளுக்கு ஒரு போட்டி என்று அந்த நாளிதழ் அறிவித்தது. வேகத்துக்குப் பரிசு கிடையாது. ஆபத்தில்லாமல், ஓட்டச் சுலபமாக, செலவு குறைவாக இருக்கிற வண்டிக்குப் பரிசு, 5,000 ஃபிராங்க். 102 பேர் பெயர் கொடுத்தார்கள், பாதிப்பேர் வண்டி வெறும் காகிதத்தில்தான் இருந்தது, அழுத்திய காற்றில் ஓடும் என்றவர்கள்கூட உண்டு. கடைசியில் ஜூலை 22 அன்று காலை கிளம்பியவை 21. பாரிசிலிருந்து ரூவான் 126 கிலோமீட்டர், நம் கணக்கில் சென்னையிலிருந்து திண்டிவனம். வழியில் மந்த் என்ற ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் எல்லாரும் வண்டியை நிறுத்தினார்கள். உலகின் முதல் மோட்டார் பந்தயத்தில் சாப்பாட்டு இடைவேளை இருந்தது என்பதைக் கேள்வியாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டி டியோன் பிரபு வந்தது நீராவி வண்டியில். பின்னால் ஒரு கோச்சு வண்டியைச் சேர்த்து இழுத்துக்கொண்டு 6 மணி 48 நிமிடத்தில் ரூவானில் போய் முதலில் நின்றார், சராசரி 19 கிலோமீட்டர் வேகம். ஆனால் நீராவி வண்டி என்றால் கரி போட்டுக்கொண்டே இருக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவர், அடுப்பெரிக்கிறவர் ஒருவர் என்றால் அது எப்படிச் சுலபமான வண்டி ஆகும்? முதல் பரிசை பூஜோ, பனார் எ லவாசோர் இரண்டு கம்பெனிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டுமே பெட்ரோல் வண்டி. பிரபுவுக்கு இரண்டாம் பரிசுதான்.

அடுத்த வருடமும் இதே கூத்து. 1895 ஜூனில் பாரிசிலிருந்து போர்தோ போய்த் திரும்பி வரவேண்டும், 1,178 கிலோமீட்டர். மேலே சொன்ன பனார் எ லவாசோர் கம்பெனியின் பங்காளி எமில் லவாசோர் எதிர்பார்த்ததைவிட ரொம்ப முன்னாலேயே போய்விட்டார். அவரை மாற்றிவிட வேண்டிய ஓட்டுநர் ஹோட்டலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் காத்திருப்பானேன் என்று லவாசோரே வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். 48 மணி 48 நிமிடம். ஸ்டியரிங் சக்கரம்கூட இல்லை, படகுத் துடுப்பு மாதிரி ஒரு கைப்பிடி. இருட்டில் எண்ணெய் விளக்கு. இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 6 மணி நேரம். முதல் பரிசு? கிடையாது. விதிப்படி நாலு பேர் உட்காரும் வண்டிக்குத்தான் முதல் பரிசு, இவருடையது இரண்டு பேர் வண்டி. அவருக்குப் பின்னால் 11 மணி நேரம் கழித்து வந்த ஒரு பூஜோவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடப் பந்தயத்தில் வண்டி கவிழ்ந்து அடிபட்ட லவாசோர் 1897-இல் இறந்துபோனார். பாரிசில் போர்த் மயோ என்கிற இடத்தில் அவர் அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடி வருகிற மாதிரி கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பரிசு வாங்கியவருக்கு அப்படி எதுவும் கேள்விப்படவில்லை.

அதே பந்தயத்தில் மிஷெலின் அண்ணன் தம்பி இருவர் காற்றடைத்த டயர் போட்டு ஒரு கார் ஓட்டினார்கள். அதற்குமுன் கார் பந்தயத்தில் யாரும் அப்படி ஓட்டியதில்லை. கையில் வைத்திருந்த 22 டியூபும் தீர்ந்துபோய், விதித்த 100 மணி நேரத்துக்குள் வந்து சேர முடியாமல், பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்ததே உங்கள் ஆட்கள் சார். கார் கம்பெனிக்காரர்களோ பணக்காரர்களோ இல்லை, பத்திரிகைக்காரர்கள். பாரிஸ்–ரூவான் ஒரு நாளிதழ் நடத்தியது. அமெரிக்காவின் முதல் பந்தயம், 1895 நவம்பர் 28, சிகாகோவின் 'டைம்ஸ்-ஹெரால்டு' நாளிதழ் நடத்தியது. பனி கொட்டிக் கிடக்கிறது, 54 மைல், கிளம்பியது ஆறு வண்டி, வந்து சேர்ந்தது இரண்டு. ஜெயித்தவர் ஃபிராங்க் டுரியா. இரண்டாவது வண்டியின் ஓட்டுநர் குளிரிலும் களைப்பிலும் மயங்கிச் சாய்ந்துவிட, தப்பு நடக்கிறதா என்று பார்க்க அதே வண்டியில் உட்கார வைத்திருந்த நடுவரே கைப்பிடியை வாங்கி ஓட்டி முடித்தார்! அதே பத்திரிகை இந்தப் புது வண்டிக்கு நல்ல பெயர் சொல்பவருக்கு 500 டாலர் என்று அறிவித்தது. 'மோட்டோசைக்கிள்' என்ற பெயருக்குப் பரிசு கிடைத்தது. காருக்குப் போய் அந்தப் பெயர். நம் ஊரில் தானுந்தா மகிழுந்தா சீருந்தா என்று இன்னும் முடிவாகாமல் இருப்பதைப் பார்த்தால் அவர்களைச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

அப்புறம் 'நியூயார்க் ஹெரால்டு' முதலாளி ஜேம்ஸ் கார்டன் பென்னட். ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப்பிடிக்க ஸ்டான்லியை அனுப்பியவர் அவர்தான். 1900-இலிருந்து 1905 வரை அவர் பெயரில் கோப்பை நடந்தது, நாட்டுக்கு மூன்று கார். நாட்டுக்கு ஒரு நிறம் என்று கார்களுக்கு வர்ணம் அடிக்கிற வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். 1902-இல் இங்கிலாந்துக்காரர் ஜெயித்ததால் அடுத்த பந்தயத்தை அவர்கள் நாட்டில் நடத்த வேண்டும், ஆனால் இங்கிலாந்துச் சாலையில் பந்தயம் ஓட்டுவது சட்டவிரோதம். அப்போது அவர்கள் ஆட்சியில் இருந்த அயர்லாந்துக்கென்று நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு அங்கே நடத்தினார்கள். இடம் கொடுத்த அயர்லாந்துக்கு மரியாதையாக இங்கிலாந்து கார்கள் பச்சை பூசிக்கொண்டன, அந்தப் பச்சைதான் இன்றைக்கும் 'பிரிட்டிஷ் பச்சை'.

பிரான்சில் கார் கம்பெனிகள் ஏராளம், நாட்டுக்கு மூன்றே கார் என்றால் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கோப்பையை உதறிவிட்டு 1906-இல் லெ மான் ஊரைச் சுற்றி அவர்களே ஒரு பந்தயம் வைத்தார்கள். அதற்குப் பெயர்தான் கிராண்ட் பிரீ. குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல், 'பெரிய பரிசு' என்று பொருள். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாரம் தவறாமல் 'கிராண்ட் பிரிக்ஸ்' என்று போடுகிறீர்கள், பிரெஞ்சில் அந்தக் கடைசி எழுத்துக்கு ஒலி இல்லை. பாண்டிச்சேரியில் யாரையாவது கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். பரிசும் பெரியதுதான், 45,000 ஃபிராங்க், அன்றைய கணக்கில் 13 கிலோ தங்கம், நம் வீட்டுக் கணக்கில் ஆயிரத்து அறுநூறு சவரனுக்கு மேல்.

இரண்டு நாள், 1,238 கிலோமீட்டர். வெயிலில் ரோட்டுத் தார் உருகிக் கண்ணில் தெறித்தது. டயர் போனால் ஓட்டுநரும் கூட உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கும் மட்டுமே மாற்ற வேண்டும், வேறு யாரும் கை வைக்கக்கூடாது. பழைய டயரைக் கத்தியால் அறுத்து எடுத்து, புதுசை நெம்பி ஏற்றி, காற்றடிக்கக் கால்மணி நேரம் ஆகும். ரெனோ காரில் வந்த ஃபெரென்ஸ் சிஸ் என்கிற ஹங்கேரிக்காரரிடம் ஒரு புது ஏற்பாடு இருந்தது, காற்றடைத்த டயரோடு ரிம்மையே கழற்றி மாட்டலாம், நாலு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டாவது வந்தவரை அரைமணி நேரத்துக்கு மேல் பின்னால் தள்ளிவிட்டு அவர் ஜெயித்தார். அந்த ரிம்மைச் செய்தவர்கள் யார்? 22 டியூபைத் தீர்த்துவிட்டுச் சிரிப்புக்கு ஆளான அதே மிஷெலின் சகோதரர்கள்.

நம்மவர் கதையும் இதோடு ஒட்டி வருகிறது. 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். மிஷெலின் டயர் அந்தச் சாய்வு வளைவில் தாங்காது என்று தெரிந்துபோய், 20 கார் கிளம்பி ஒரு சுற்று வந்து, 14 கார் அப்படியே ஷெட்டுக்குள் திரும்பிவிட்டன. மிச்சம் ஆறு. அந்த ஆறில் ஒருவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், மஞ்சள் ஜோர்டான் காரில். நாலாவதாக வந்து ஐந்து புள்ளி வாங்கினார். இந்தியர் ஒருவர் ஃபார்முலா 1-இல் வாங்கிய முதல் புள்ளிகள். ஆறு பேரில் நாலாவது என்று அன்றைக்குக் கிண்டல் செய்தார்கள். முதலில் வந்தும் பரிசு இல்லாத லவாசோரும் இந்த விளையாட்டில்தான் இருக்கிறார், ஆகவே நான் இதற்கெல்லாம் கூச்சப்பட மாட்டேன்.

பத்திரிகைக் கதைக்கு வருகிறேன். எல்லாம் பெருமைக் கதை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1903-இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் சாலையோரம் லட்சக்கணக்கில் கூட்டம், தடுப்பு ஒன்றும் கிடையாது, ஓட்டியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களுமாகப் பலர் செத்தார்கள், ரெனோ கார் கம்பெனியைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ உட்பட. போர்தோவிலேயே நிறுத்தி, வண்டிகளை மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று உத்தரவு வந்து, பந்தயக் கார்களைக் குதிரை பூட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். ஊருக்கு ஊர் ஓட்டுகிற பந்தயத்துக்கு அதோடு பிரான்ஸ் தடை போட்டுவிட்டது.

ஜிஃபாரும் டி டியோன் பிரபுவும் இன்னொரு முறை மோதினார்கள் என்பது உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். யூத ராணுவ அதிகாரி ஒருவர்மேல் பொய்யாகத் தேசத்துரோகப் பழி போட்ட டிரேஃபஸ் வழக்கு பிரான்சையே இரண்டாகப் பிளந்த சமயம், குடியரசுத் தலைவருக்கு எதிரான ஒரு கலாட்டாவில் பிரபு சிறைக்குப் போனார். ஜிஃபார் அப்போது 'லெ வெலோ' என்ற விளையாட்டு நாளிதழின் ஆசிரியர், அதில் பிரபுவைத் திட்டி எழுதினார். கோபம் வந்த பிரபு, மிஷெலின் இன்னும் சிலரையெல்லாம் சேர்த்துக்கொண்டு போட்டிப் பத்திரிகையே தொடங்கிவிட்டார். 'லெ வெலோ' பச்சைத் தாள், இது மஞ்சள் தாள். புதுப் பத்திரிகை விற்கவில்லை. விற்பனையைத் தூக்க 1903-இல் ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள், அதுதான் டூர் தெ பிரான்ஸ். முன்னணியில் இருப்பவர் இன்றைக்கும் மஞ்சள் சட்டை போடுவது அந்தத் தாளின் நிறம்.

1907-இல் 'லெ மத்தான்' நாளிதழ் பீக்கிங்கிலிருந்து (இன்றைய பெய்ஜிங்) பாரிசுக்குக் காரில் வர யார் தயார் என்று கேட்டது. ஐந்து வண்டி கிளம்பியது. இத்தாலியின் போர்கேசே இளவரசர் ஜெயித்தார், வழியில் விருந்துக்காகப் பீட்டர்ஸ்பர்க்குக்குச் சுற்றிப்போய்விட்டு வந்தும் ஜெயித்தார். அவர் காரில் லூயிஜி பார்சினி என்ற நிருபர் உட்கார்ந்து வந்தார். கோபிப் பாலைவனத்தில் ஒரு மண்வீட்டுத் தந்தி நிலையத்தில் இறங்கி அவர் செய்தி அனுப்பியபோது, தாளின் தலையில் எண் 1 என்று எழுதினார்கள். இன்றைக்கு முதல் தந்தியோ என்று கேட்டாராம். இல்லை, இந்த நிலையம் திறந்து ஆறு வருடத்தில் இதுதான் முதல் தந்தி என்றார்களாம்.

இப்படி வந்த தொழில் உங்களுடையது. ஆனால் உங்கள் பத்திரிகையில் மோட்டார் பந்தயம் என்றால் கடைசிப் பக்கத்து ஓரத்தில் இரண்டு வரி, யார் முதல், யார் இரண்டாவது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் ஓடியபோது நீங்கள் போட்டதில் பாதிக்கு மேல் எந்த ரோடு அடைப்பு, எந்த பஸ் சுற்றிப் போகும் என்பதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் படித்துத்தான் நான் போனேன்.

மாமா என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போன காலத்தில் அங்கே ஓடிய கார்களையும் பைக்குகளையும் பற்றி இன்றைக்குத் தேடினால் தமிழில் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். போர்க்காலத்து விமான ஓடுபாதை அது, இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் தனி ஓடுதளம் வரும்வரை பந்தயமெல்லாம் அங்கேதான். கரிவரதன் அங்கே ஓட்டுவார், மாருதி 800 இன்ஜினை வைத்து மலிவாகப் பந்தயக் கார் செய்து கொடுத்த கோயம்புத்தூர்க்காரர், 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். எனக்கு அங்கே முதலில் ஞாபகம் வருவது வாசனைதான். பழைய பைக்குகள் போகும்போது ஒரு புகை வரும், எங்கேயோ தெரிந்த வாசனை. "விளக்கெண்ணெய்டா" என்றார் மாமா. நான் நம்பவில்லை. ஆமணக்கு எண்ணெயைத்தான் அந்தக் காலப் பந்தய இன்ஜின்களுக்கு ஊற்றினார்கள், அதிக சூட்டிலும் வழவழப்புப் போகாது என்பதால். காஸ்ட்ரால் என்ற பெயரே அந்த எண்ணெயின் இங்கிலீஷ் பெயரிலிருந்து வந்ததுதான். வீட்டுக்கு வந்து அம்மாவின் விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், அடிவாங்கினேன்.

சரி, நீளமாகிவிட்டது. திருத்தம் போடுவதாக இருந்தால் ஏழு, ஒன்பது இரண்டுக்கும் சேர்த்து நாலு வரி போதும். அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவுப் பெட்டியில் போட்டால் நல்லது. தம்பி மகள் நோட்டில் உங்கள் வினா-விடைக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறாள். "வந்தா ஒட்டுறேன் பெரியப்பா, வரலேன்னா பேப்பர்ல இருக்கறதுதான்" என்று சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
செங்குன்றம்.